சார்ள்ஸ் ஸ்டட்: துறந்தவரும் காத்திருந்தவரும்

ஆஷஸ் தொடரைக் கண்விழித்துப் பார்க்கும் நம்மவர் பலர், அப்பெயர் பிறக்கக் காரணமான ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் மறுமுனையில் நின்ற இளைஞரை அறியார். அவர் சார்ள்ஸ் ஸ்டட். 1882 ஆகஸ்டில், இலண்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்தின் வெற்றிக்கு 85 ஓட்டங்களே தேவைப்பட்டன. அதே ஆண்டில் அவுஸ்திரேலியர்க்கு எதிராக இரு சதங்கள் பெற்றிருந்த ஸ்டட்டை அணித்தலைவர் பத்தாம் இடத்துக்குப் பின்தள்ளினார். அவர் ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளுமுன் மறுமுனையில் கடைசி விக்கெட் வீழ்ந்தது. இங்கிலாந்து 7 ஓட்டங்களால் தோற்றது. அடுத்து அவுஸ்திரேலியா சென்று ஆஷஸை மீட்ட அணியிலும் அவர் இருந்தார்.

பின்னர் அவர் சகோதரர் ஒருவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். புகழின் பயன் யாது என்ற கேள்வி ஸ்டட்டின் உள்ளத்தில் எழுந்தது. 1885இல், தம் 24ஆம் வயதில், கிரிக்கெட்டை விட்டுக் கிறிஸ்தவ ஊழியராகச் சீனம் சென்றார். தமக்குக் கிடைத்த 29,000 பவுண் அளவிலான பரம்பரைச் சொத்தையும் கொடையாக வழங்கினார். அதில் 5,000 பவுண் இரட்சணிய சேனையின் இந்தியப் பணிக்குச் சென்றது. தந்தை அச்செல்வத்தை ஈட்டியதோ இந்தியாவின் அவுரித் தோட்டங்களில். அங்கு உழைத்த குடியானவர்களை அவரது வரலாற்றை எழுதியோர் பெரிதாக நினைப்பதில்லை.

1900 முதல் 1906 வரை அவர் உதகமண்டலத்தில் யூனியன் தேவாலயத்தின் போதகராக இருந்தார். தமிழ் மண்ணோடு அவருக்கிருந்த தொடர்பு அதுவே. 1913இல் கொங்கோ புறப்பட்டார். 1916இல் மீண்டும் சென்றவர் தாயகம் திரும்பவேயில்லை. 1931இல் அங்கேயே மறைந்தார்.

அவர் மனைவி பிரிசில்லா இதய நோயாளி. இங்கிலாந்தில் தங்கி, ஊழியத்தின் தாயகப் பணிகளை அவரே நடத்தினார். 1928இல் ஒருமுறை, சில நாட்களே, கணவரைக் காணக் கொங்கோ சென்றார். மறு ஆண்டு காலமானார்.

மட்டையும் பொருளும் ஸ்டட்டுக்கு உரியவை. அவற்றைத் துறக்க அவருக்கு உரிமையிருந்தது. மனைவியின் ஆண்டுகள் அவருடையனவா? பிரிசில்லாவும் அதே நம்பிக்கையில் நின்றவர் என்பது உண்மை. ஆயினும் தியாக வரலாறுகளில் சென்றவர் பெயர் பெரிதாகவும், இருந்தவர் பெயர் அடிக்குறிப்பாகவும் அமைவதை ஏற்க என் மனம் மறுக்கிறது.

வன்னியில் வாழும் எனக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். பிரிசில்லா தம் கணவர் இருக்குமிடத்தையாவது அறிந்திருந்தார். இத்தாய்மார்க்கு அதுவும் வாய்க்கவில்லை. பதில் கேட்டுக் காத்திருந்தே அவர்களிற் பலர் கண்மூடினர். ஓவலில் மறுமுனையில் நின்றவரை நினைவுகூரும் உலகம், இந்த மறுமுனையையும் எழுதிவைக்க வேண்டும்.