நாளும் ஒரு மில்லிமீட்டர்

முகத்தைத் தாங்கி நிற்பவை எலும்புகள். அவற்றுள் கீழ்த்தாடை வளராமல் நின்றுவிட்டால் குறைவது அழகு மட்டுமன்று. உணவும் உறக்கமும் மூச்சும் குறைகின்றன.

ஓடி விளையாடும் குழந்தை தவறி விழுந்து மோவாயில் அடிபடுகிறது. காயம் சில நாளில் ஆறிவிடுகிறது. ஆனால், காதருகே உள்ள தாடை மூட்டு உள்ளூர நொறுங்கியிருந்தால், அது எலும்போடு எலும்பாக இறுகிப்போவதுண்டு. பின்னர் வாய் திறப்பதில்லை, தாடையும் வளர்வதில்லை. சிறுத்த தாடையுடனேயே பிறக்கும் குழந்தைகளும் உளர். அவர்களுடைய நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும். நிலைமை முற்றினால், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்த நேரும்.

குறைந்த எலும்பை ஈடுசெய்ய, விலாவிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பை எடுத்து ஒட்டுவது பழைய வழி. எலும்பையே வளரச் செய்தால் என்ன? இவ்வினாவுக்கு விடை கண்டவர் சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ். சைபீரியாவின் குர்கான் நகரில், 1950களில், கால் எலும்புகளைச் சீராக்கும் வளையக் கருவியை அவர் உருவாக்கினார். வெட்டிய எலும்பின் இரு முனைகளையும் மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியில் புதிய எலும்பு தோன்றுவதைக் கண்டறிந்தார். அம்முறை முகத்துக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. 1992இல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஜோசப் மெக்கார்த்தி, குழந்தைகளின் கீழ்த்தாடையை இவ்வாறு நீட்டியதை உலகுக்கு அறிவித்தார்.

இன்று மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையே உள்ள தேனாம்பேட்டையில், மருத்துவர் எஸ்.எம். பாலாஜியின் பல் மற்றும் முகச்சீரமைப்பு மருத்துவமனையில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. தாடை எலும்பை வெட்டி, திருகுடன் கூடிய சிறு கருவியைப் பொருத்துவர். சில நாள் எதுவும் செய்யாமல் காத்திருப்பர். அதன்பின் திருகைச் சுழற்றி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலக்குவர். விரைந்தால் இடைவெளியில் எலும்பு உருவாகாது. தாமதித்தால் வேண்டிய நீளம் எட்டுமுன்னரே எலும்பு கூடிவிடும். பங்குனியில் மயிலை மாடவீதிகளில் தேர் செல்வதும் இவ்வாறே. வடத்தின் இழுவையும் சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையும் ஒத்துப்போனால்தான் அது நிலை சேரும்.

தாடை 20 மில்லிமீட்டர் நீள ஏறத்தாழ 20 நாள் வேண்டும். எலும்புடன் தசையும் தோலும் நரம்பும் இரத்தக்குழாயும் நீண்டு இணங்குகின்றன. புதிய எலும்பு கெட்டிப்படும்வரை இரண்டு மூன்று மாதம் கருவி அப்படியே இருக்கும். பிறகு அதனை அகற்றுவர். வளரும் பருவத்தினர் சிலருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்படுவதுமுண்டு.

திருகைச் சுழற்றும் பொறுப்பு பல வேளைகளில் தாய் தந்தையரையே சேர்கிறது. வலிக்குமே என்று கை தயங்கும்; ஆயினும் அன்றைய அளவைத் தவறவிடல் ஆகாது. குழந்தையோ கண்ணாடியில் ஒரு மாற்றத்தையும் காணாது. ஒரு நாளின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவதன்று. சில வாரங்கள் சென்றபின் ஓர் இரவு, குறட்டையும் திணறலும் இன்றிக் குழந்தை உறங்குகிறது. அந்த அமைதியான மூச்சொலியில்தான், நாள்தோறும் சேர்ந்த மில்லிமீட்டர்களின் பயன் முதன்முதலாகப் பெற்றோர்க்குப் புலனாகிறது.