நீலத்துக்கு எதற்கு நூறு நாள்?

மட்க வைத்த நீல இலையான சுகுமோவைக் கொண்டு தொட்டி வைத்துச் சாயம் போடும் எங்களிடம் வேதியியல் தெரிந்தவர்கள் தவறாமல் கேட்பது இது: ஜப்பானின் தொகுஷிமாவில் விளையும் நீலச்செடியிலிருந்து கிடைப்பதும், இந்திய அவுரியிலிருந்து கிடைப்பதும், 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். விற்பனைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலமும் ஒரே இண்டிகோட்டின்தானே, பிறகு இலையை நூறு நாள் மட்க வைப்பானேன்? பொருள் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரில் கரையாது. கரையாதது நூலுக்குள் இறங்காது. அதைக் கரைய வைப்பது யார் என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் விட்டுப் புரட்டிப் புரட்டி, உள்சூடு 60 டிகிரியைத் தாண்ட மட்க வைத்த சுகுமோவில் சாயமும் இருக்கிறது, அதைக் கரைக்கும் நுண்ணுயிரும் இருக்கிறது. மரச்சாம்பல் காரநீரில் அதை எழுப்பிவிடலாம், காப்பாற்றுவதுதான் பாடு. தவிடு போட்டால் நுண்ணுயிர் தின்று புளிப்பை விடும், காரம் இறங்கும். பி.எச். 10-க்கு மேல் நிற்காவிட்டால் வேண்டாத கிருமிகள் புகுந்து தொட்டி அழுகும். பயந்து சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் வேலை செய்கிற உயிரும் முடங்கும். மீட்டர் எண்ணைக் காட்டும். காரம் இறங்கியது வேலை நடந்ததாலா, அழுகலாலா என்று காட்டாது. அதை வாடையிலும் நுரையிலும்தான் பார்க்க வேண்டும். ஊதா கலந்த நீல நுரை திரண்டு, மேலே செம்புநிற ஆடை மின்னினால் துணியை இறக்கலாம். நுரை வெளுத்துச் சலசலத்தால் அன்றைக்குத் தொட்டிக்கு ஓய்வு, எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும்.

நுண்ணுயிருக்குப் பதில் ஹைட்ரோசல்பைட் என்ற வேதிப்பொருளைப் போட்டுக் கரைத்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை, சீக்கிரமே தொட்டி தயார். அந்தத் தொட்டியில் முக்கிய துணி சாயம் விடும் என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்வது சரியல்ல. ஒழுங்காக முக்கி அலசினால் விடாது. கண்ணாலும் பிரித்தறிவது கடினம். அப்படியானால் என்ன குறை? விலைதான். நூறு நாள் மட்கலுக்கும் தினமும் தொட்டியைக் கவனிப்பதற்கும் உரிய விலையை, அந்த உழைப்பே இல்லாத துணிக்கு வாங்குகிறார்கள். அதன் அடி சுகுமோ செய்பவர் வயிற்றில் விழுகிறது. ஏற்கெனவே மெய்ஜி காலத்தில் மலிவான இந்திய அவுரியும், பின்னால் செயற்கை நீலமும் அவர்களைச் சாய்த்தன. போர்க்காலத்தில் சாகுபடிக்கே தடை வந்தது. 1978-இல் ஜப்பான் அரசு சுகுமோ தயாரிப்பைக் காக்கவேண்டிய தொழில்நுட்பமாக அறிவித்தும், தொகுஷிமாவில் இன்று அதைச் செய்பவை சில குடும்பங்களே.

ஹைட்ரோ போடுபவர்கள் போடட்டும். ஆனால் சீட்டில் 'செடிச் சாயம்' என்று எழுதுகிறவர்கள் தொட்டியில் என்ன போட்டோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.