நம் மலைக்கு ரோப் கார் வந்தால்



சோளிங்கர் பெரிய மலைக்கு 2024இல் ரோப் கார் வந்ததிலிருந்து, "சார், நம்ம ஜவ்வாது மலைக்கும் ஒண்ணு வந்தா எப்படி இருக்கும்?" என்று மலைப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சோளிங்கரில் 1,305 படி. என் முழங்காலுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழனி, சோளிங்கர், அய்யர்மலை எல்லாம் சாமி பார்க்கப் போகிறவர்களுக்காகக் கட்டியவை. மலையில் குடியிருப்பவர்களுக்காக அல்ல.

கொலம்பியா நாட்டில் மெடெயின் என்றொரு நகரம். மலைச்சரிவு முழுக்க ஏழைகளின் வீடுகள். பழனி ரோப் கார் ஓடத் தொடங்கிய அதே 2004இல் அங்கேயும் ஒன்று வந்தது. நிலையங்களை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். மேல் நிலையங்கள் குடியிருப்பின் நடுவில். அடிவாரத்தில் இறங்கினால் அங்கேயே மெட்ரோ ரயில். நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டி, வேகமாக ஓடும் கம்பியின் பிடியை விட்டுவிட்டு மெல்ல நகரும். பாட்டியும் கூடையோடு ஏறலாம். அடுத்த பெட்டி பின்னாலேயே வரும். மேலே 2007இல் பெரிய நூலகம்கூடக் கட்டினார்கள். (அந்தக் கட்டடம் பழுதாகிப் பல ஆண்டு மூடிக் கிடந்தது வேறு கதை.)

இங்கே அப்படியே செய்ய முடியாது. அங்கே வீடுகள் நெருக்கம். நம் ஊர்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. பலத்த காற்றடித்தால் ரோப் கார் நிற்கும். பராமரிப்புக்காகப் பழனியிலேயே மாதம் ஒரு நாள் நிறுத்துகிறார்கள். அன்றைக்குப் பாம்பு கடித்தால்? 2023இல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த குழந்தையைத் தாய் கையில் சுமந்து நடந்தாள். சாலை இல்லை. கர்ப்பிணிகளை டோலி கட்டித் தூக்கி வந்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்தவர்கள்.

அதனால் முதலில் சாலை என்பதே என் கட்சி. ஆனால் காப்புக்காட்டில் சாலை போட 1980ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதி வேண்டும். செங்குத்தான இடத்தில் மலையையே வெட்ட வேண்டிவரும். கம்பிக்குக் கோபுரம் ஊன்ற இடமும் மேலே கொஞ்சம் திறப்பும் போதும். அப்படிப்பட்ட ஓரிரு இடங்களில், ஒரு நோயாளியைப் படுக்க வைத்து இறக்கவும், சாமை மூட்டை, புளி இறக்கவும் சிறிய ரோப் கார் அமைக்கலாம். அதன் அடிவார நிலையம் பஸ்ஸும் 108 வண்டியும் வந்து நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். பீமன் அருவியை வேடிக்கை பார்க்க ஒன்று கட்டிவிட்டு, மலைக்கு வசதி செய்தோம் என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

சிவில் படித்தவர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்கள் ஊரில் எத்தனை வீடு, வண்டி வரும் இடத்துக்கு எவ்வளவு நடை என்று கீழே எழுதுங்களேன்.