இருட்டில் கொறிக்க ஓர் இனிப்பு

படம் பார்க்கும்போது சாப்பிடுவதற்கென்று செய்யும் இனிப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. விருந்து இனிப்பை இலையில் வைத்ததும் கண் பார்க்கும், மூக்கு முகரும், அதன் பிறகே வாய்க்குப் போகும். திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் அப்படிச் சாப்பிடுவதில்லை. விளக்கை அணைத்தாயிற்று. கண் கதைக்குள் போய்விட்டது. கை மட்டும் கிண்ணத்துக்கும் வாய்க்குமாகத் தன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். அந்தக் கைக்கு என்ன கொடுக்கலாம் என்பதில்தான் சில வருடங்களாக என் கவனம் முழுவதும் இருக்கிறது.

வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுப்பவள் நான். தீபாவளி, கல்யாணம் என்று வரும் ஆர்டர்கள் ஒரு பக்கம் இருக்க, சனிக்கிழமையானால் வேறு மாதிரிக் கேட்பவர்கள் வருவார்கள். சர்க்கரை எல்லை தொடுகிறது என்று டாக்டர் சொன்னவர்கள், எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். "அக்கா, படம் போட்டா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. இனிப்பா ஏதாவது வேணும், ஆனா உடம்புல ஏறக் கூடாது" என்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. கவனம் வேறெங்கோ இருக்கும்போது நாம் கூடுதலாகச் சாப்பிடுகிறோம், என்ன சாப்பிட்டோம் என்பது மனத்தில் பதியாததால் அடுத்த வேளையும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்று 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கிண்ணத்தில் எது இருந்தாலும் கை அதைக் காலி செய்யத்தான் போகிறது. ஆகவே கிண்ணத்தை நிரப்புகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது: நாக்கு தொடும் இடத்தில் இனிப்பு இருக்கட்டும், மற்ற இடமெல்லாம் காற்றோ தண்ணீரோ நிரம்பியிருக்கட்டும். ஒரு துண்டு மைசூர்பாகில் நாக்கில் படுகிற சர்க்கரையைவிடப் படாமலே தொண்டைக்குள் இறங்கும் சர்க்கரை அதிகம். ருசிக்கு உதவாத அந்தப் பங்கையும் உடம்பு கணக்கில் எழுதிக்கொள்ளும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, நெய் கிராமுக்கு 9. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் 100 கிராமுக்கு 380 கலோரியை ஒட்டித்தான் வரும். வெல்லத்தில் செய்தது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லி விற்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. நான் வெல்லமும் கருப்பட்டியும் எடுப்பது வாசனைக்காக. நல்ல கருப்பட்டியின் மணம் ஆழமானது. கொஞ்சம் போட்டாலே நிறையப் போட்டதாக நாக்கு நம்பும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் மகிழ்ந்ததற்கு அந்த மணமே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னபடி, உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது. காலையும் மாலையும் குடித்த காபியில் பாதி போயிருக்கும். மிச்சத்தில்தான் படம் பார்க்க வேண்டும்.

காற்று என்றதும் முதலில் நிற்பது அரிசிப் பொரி. கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிக்காத வீடு குறைவு. அந்த உருண்டையில் பொரியின் எடையைவிட வெல்லத்தின் எடை கூடுதலாகவே இருக்கும். உருண்டை உருண்டையாக நிற்க அவ்வளவு பாகு வேண்டும். உருண்டை பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டால் பாகு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நான் செய்வது உதிரிப் பொரி. 60 கிராம் பொரிக்கு 40 கிராம் வெல்லம். நாலு பேருக்கு நாலு பெரிய கிண்ணம் வரும், ஆளுக்கு ஏறக்குறைய 100 கலோரி.

ஆனால் இவ்வளவு கொஞ்சம் பாகை அவ்வளவு பொரியில் பரத்துவது எளிதல்ல. கைப்பக்குவம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பொரி சூடான மணலில் பொரிந்து வருவது. முறத்தில் ஒருமுறை புடைத்துவிட வேண்டும், இருட்டில் பல்லில் மணல் நறநறத்தால் படமே கெட்டது. பிறகு வெறும் வாணலியில், சிறு தீயில், விரலால் நசுக்கினால் தூளாகும்வரை வறுக்க வேண்டும். வறுத்த பொரியை ஆறவிடக் கூடாது. வாணலியிலேயே வெதுவெதுப்பாக இருக்கட்டும். பாகு ஊற்றும்போது பொரி சில்லென்று இருந்தால், பாகு தொட்ட இடத்திலேயே இறுகிக் கட்டி தட்டும். பொரியும் சூடாக இருந்தால் பாகு ஓடும், மெல்லிய பூச்சாகப் படியும்.

வெல்லத்தை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடுப்பில் ஏற்றுங்கள். கம்பிப் பதம் வரும், அது போதாது. உருண்டைப் பதம் வரும், அதுவும் போதாது. கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பாகில் ஈரம் தங்கிவிடும். அந்த ஈரத்தைப் பொரி குடித்து, முதல் பாட்டு முடிவதற்குள் நமத்துப் போகும். டங்கென்று சொன்ன அந்த நொடியில் ஏலப்பொடி, சுக்குப்பொடி, கால் சிட்டிகை உப்பு. கடைசியாக ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. பாகு பொங்கி நுரைத்து எழும். நுரையில் காற்று இருப்பதால் அதே பாகு இரண்டு பங்கு இடத்துக்குப் பரவும். உடனே பொரியின் மேல் ஊற்றி, இரண்டு கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிட்டிகைக்கு மேல் சோடா போனால் கசக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெய் கேட்பார்கள். இரண்டு சொட்டு போதும், மணத்துக்கு. ஒரு தேக்கரண்டி விட்டாலே 45 கலோரி உள்ளே வந்துவிடும்.

உப்பை விட்டுவிடாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். இனிப்பைக் குறைத்த பண்டத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கால் சிட்டிகைதான்.

மக்காச்சோளப் பொரிக்கும் இதே பாகு, இதே முறை. சோளமணிக்குள் இருக்கும் சுமார் 14 சதவீத ஈரம் ஆவியாகி, 180 டிகிரியை ஒட்டித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுதான் பொரி. அதனால் திறந்து கிடந்து காய்ந்துபோன மணி பொரியாது. வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். பொரியாமல் அடியில் தங்கும் மணிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டே கிண்ணத்தில் போடுங்கள். பெரியவர்களின் பல்லுக்கு அது ஆபத்து.

கடலை மிட்டாயைப் பற்றிக் கேட்பார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எனக்கு உயிராகப் பிடிக்கும். ஆனால் நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. எண்ணிச் சாப்பிட வேண்டிய பண்டம் அது, இருட்டில் எண்ண முடியாது. பகலில் சாப்பிடுங்கள்.

இனிச் சத்தம். பலகாரம் செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. பொரி மொறுமொறுவென்று இருக்கும்போது மெல்லுகிறவரின் காதுக்குள்ளேயே அந்தச் சத்தம் கேட்கும். சண்டைப் படத்துக்கு அது பொருட்டில்லை. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி முழுக்க முழுக்கக் குரலாலும் சின்னச் சின்ன ஓசைகளாலும் ஆனது. அங்கே வாயில் பொரி இருந்தால் பாதிச் சிரிப்பு போய்விடும். 'தில்லானா மோகனாம்பாள்' போட்டால் கேட்கவே வேண்டாம். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் நடந்துகொண்டிருக்கும்போது என் வீட்டில் யாரும் கொறிக்கக் கூடாது. அப்படிப்பட்ட படங்களுக்குச் சத்தமில்லாத இனிப்பு வேண்டும். அங்கேதான் தண்ணீர் வருகிறது.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசியைச் சாப்பிட்டவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரியும். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் வெள்ளை இழைகளாகக் கிடைக்கும். மன்னார் வளைகுடாக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி இந்தப் பொருள் எடுக்கப்படும் பாசி வகைகளில் ஒன்று. முழுக்க நார்ச்சத்து, கலோரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தன் எடையைப்போல நூறு மடங்கு தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது வழக்கம். படத்துக்கு நான் இளநீரில் செய்கிறேன்.

அரை லிட்டர் இளநீர், கால் லிட்டர் தண்ணீர், 8 கிராம் கடல்பாசி. இழைகளைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கரைய வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை அப்போதே சேரட்டும். இளநீரை அடுப்பில் ஏற்றாதீர்கள், கொதித்த இளநீருக்கு அந்தப் புது வாசனை இருக்காது. அதே சமயம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடும் ஊற்றக் கூடாது. கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே உறையத் தொடங்கும், குளிர்ந்த இளநீர் பட்டால் நூல்நூலாகத் திரிந்துபோகும். அறைச் சூட்டில் இருக்கும் இளநீரில், கொதி அடங்கிய கரைசலை ஊற்றிக் கலந்து, வழுக்கைத் துண்டுகள் சிலவற்றைப் போட்டுத் தட்டில் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியிலேயே உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை உருகாது. ஆகவே இரண்டரை மணி நேரம் மடியில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாலும் ஒழுகாது. விரலால் எடுக்கலாம், கை பிசுபிசுக்காது. நாலு பேருக்குப் பங்கிட்டால் வழுக்கையும் சேர்த்து ஆளுக்கு 50 கலோரிக்குள் முடிந்துவிடும். மறுநாள் வரை வைத்தால் தண்ணீர் விடும், அன்றே தீர்த்துவிட வேண்டும்.

இந்தப் பண்டத்தின் மேல் எனக்குள்ள பிரியத்தை மறைக்க முடியவில்லை. இனிப்பு குறைவு என்பதற்காகச் சகித்துக்கொண்டு சாப்பிடும் பண்டமல்ல இது. இன்னும் சர்க்கரை சேர்த்தால் இளநீர் காணாமல் போய்விடும். குறைவாக இருப்பதே அதற்கு அழகு.

மூன்றாவது வழி பழம். கனிந்து தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த கற்பூரவள்ளியை வில்லை வில்லையாக நறுக்கி இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்து, மறுநாள் ஐந்து நிமிடம் வெளியே வைத்தபின் மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு அரைத்தால் ஐஸ்கிரீம்தான். முதலில் பொடிப்பொடியாக உதிரும். அவசரப்பட்டுப் பால் ஊற்றாதீர்கள். ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், திடீரென்று வழவழப்பாகக் கூடி வரும். பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். காயில் மாவாக இருப்பது கனியக் கனியத்தான் சர்க்கரையாகும். கடையில் விற்கும் வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் 200 கலோரியை ஒட்டி இருக்கும், இது அதில் பாதி. விதையில்லாத பச்சைத் திராட்சையையும் அப்படியே உறையவைக்கலாம். ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு கைப்பிடி வெகுநேரம் வரும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முழுத் திராட்சையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நாலாக நறுக்கி, உறையவைக்காமல் கொடுங்கள்.

கலோரியே இல்லாத இனிப்பூட்டிகளை நான் தொடுவதில்லை. எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் அந்தப் பரிந்துரைக்குள் வரவில்லை, அவர்கள் தங்கள் டாக்டர் சொல்வதைக் கேட்பதே சரி. என்னைத் தடுப்பது அவற்றின் பின்சுவை. கருப்பட்டிக்குப் பழகிய நாக்கு அதை ஒத்துக்கொள்வதில்லை.

படம் தொடங்குமுன் ஆளுக்கொரு கிண்ணமாகப் போட்டுவிடுங்கள். பெரிய பாத்திரத்தை நடுவில் வைத்தால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது யாருக்கும் தெரியாது. பொரியும் குளிர்ந்த பண்டமும் ஒரே நேரத்தில் வர வேண்டாம். நம் படங்களில் பாதி வழியில் 'இடைவேளை' என்று ஓர் அட்டை வருகிறதே, தியேட்டரில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் முறுக்குத் தட்டும் கடலை மிட்டாயும் உள்ளே வந்தன. வீட்டில் ஓடும் படத்திலும் அது வருகிறது, நாம்தான் கண்டுகொள்ளாமல் ஓட்டிவிடுகிறோம். அங்கே படத்தை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். காலியான பொரிக் கிண்ணத்தை எல்லோரும் ஒருமுறை பார்க்கட்டும், எழுந்து தண்ணீர் குடிக்கட்டும். வாழைப்பழ வில்லைகளை ஃபிரீசரிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய ஐந்து நிமிடமும் அதுதான். அரைத்துக் கிண்ணங்களில் போட்டுக் கொண்டுவந்த பிறகு விளக்கை அணைத்துக்கொள்ளலாம். மிக்ஸிச் சத்தமும் வசனத்துக்கு நடுவே வராது.