உப்புத் தண்ணியும் டர்போ வண்டியும்

எங்க பக்கத்து போர் தண்ணியில பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. வாளி, குழாய் எல்லாத்துலயும் வெள்ளையா படிஞ்சு கிடக்கும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இதே தண்ணி ஒரு டீசல் இன்ஜினுக்குள்ள போனா என்ன ஆகும்னு போன மாசம் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

நம்ம வண்டி பதினாறு வருஷத்து டர்போ டீசல். இந்தத் தையிலதான் செகண்ட் ஹேண்டா வாங்கினது. விதை மூட்டை, உரம், அம்மாவை ராயபுரத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது, எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். ரெண்டே மாசத்துல ரெண்டு நோவு வந்துச்சு. காலையில சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், அதோட சரி. இன்னொண்ணு, வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் குறையும். ஆனா கீழ ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

ஊர்ல ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "ஹெட் கேஸ்கெட் போச்சு, அந்தத் தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்குது, அதான் காலையில சுத்த மாட்டேங்குது"ன்னு ஒருத்தர். கேட்கறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. இன்ஜினைப் பிரிச்சா அறுபதாயிரம் ஆகும். பழைய இரும்புக்குப் போட்டா நாற்பதாயிரம் தர்றேன்னு ஒரு வியாபாரி வேற வந்துட்டார். "மஞ்சள் தூளை ரேடியேட்டர்ல கொட்டு, ஒழுகல் தானா அடைக்கும்"னு இன்னொரு யோசனை.

எதையும் செய்யாம திருவொற்றியூர்ல தெரிஞ்ச பாய் ஒருத்தர்கிட்ட வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனேன். அந்தப் பக்கம் சின்னப் பட்டறையிலகூட கைத்தொழில் சுத்தமா இருக்கும். 1948ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ்தான் 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு, எண்ணூர்ல. புல்லட்டைச் செஞ்ச என்ஃபீல்டு கம்பெனி திருவொற்றியூர்ல. அதுக்குப் பக்கத்துலயே துறைமுகத்து லாரிங்க. ரெண்டு மூணு தலைமுறையா இன்ஜினோட வாழ்ற ஜனம்.

பாய் சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டு நோவையும் ஒண்ணாக் கட்டாத தம்பி. தனித்தனியாப் பாப்போம்."

முதல்ல ஸ்டார்ட்டிங். மீட்டரை வச்சார். பேட்டரி 12.6 வோல்ட், நல்லா இருக்கு. அடுத்து மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வச்சுட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணுமாம். 2 வோல்ட்டைத் தாண்டிச்சு. எர்த் வயரைக் கழட்டி மேல் உறையைக் கீறினா உள்ள செம்பெல்லாம் பச்சைப் பொடி. கடல் காத்துல உப்பு பூத்து அரிச்சிருக்கு. பேட்டரியில பலம் இருந்தும் ஸ்டார்ட்டருக்கு முழுசாப் போய்ச் சேரலை. புது வயர் போட்டு, பிளாக்ல பூட்டுற இடத்தைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணினதும் ஒரே திருப்புல வண்டி எழுந்துச்சு.

அடுத்து கூலன்ட். ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். கேஸ்கெட் போயிருந்தா ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி இருக்கும். இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். விடாம குமிழ் வந்தா சிலிண்டர் காத்து உள்ள வருதுன்னு அர்த்தம். அதுவும் இல்லை. (சூட்டுல இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொட்டுடாதீங்க. கொதிதண்ணி முகத்துல அடிக்கும்.)

கடைசியா மூடி இருந்த இடத்துல கைப்பம்பைப் பூட்டி 1 பார் அழுத்தம் ஏத்தினார். கால் மணி நேரத்துல முள் இறங்குச்சு. டார்ச் அடிச்சுத் தேடினா, டர்போவோட நடுப்பாகத்துக்குத் தண்ணி போற சின்ன இரும்புக் குழாய்ல ஊசி முனை அளவு ஓட்டை. சுத்தி வெள்ளையா உப்புக் காய்ஞ்சு கிடந்துச்சு. புகைக்குழாய் சூட்டுலயே ஒழுகினது ஆவியாயிடும். அதான் கீழ ஒரு சொட்டும் இல்லை.

டர்போவோட அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அதைச் சுத்துறதே சூடான புகைதான். ஆயிலும், சில வண்டியில தண்ணியும்தான் அதைக் குளிர வைக்குது. தண்ணி குறைஞ்சா ஆயில் கருகி அச்சுல ஒட்டிக்கும். அந்தச் சின்ன வழியில மஞ்சள் தூள் போய் அடைச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

பழைய தண்ணியை இறக்கினா செம்மண் கரைசல் மாதிரி வந்துச்சு, கூடவே சுண்ணாம்புப் பக்கு. முன்னாடி வச்சிருந்தவர் வருஷக்கணக்கா மோட்டார் தண்ணியைத்தான் ஊத்தியிருக்கார். உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும், சுண்ணாம்பு வழியை அடைக்கும். எல்லாத்தையும் அலசிட்டு, குழாயையும் வாஷரையும் மாத்தி, கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதின்னு ஊத்தினார். மொத்தச் செலவு நாலாயிரத்து சொச்சம். அதுக்கப்புறம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஒரு மணி நேரம் ஊர்ந்தும் டெம்பரேச்சர் முள் அசையலை.

ஆக, பாய் சொன்ன மாதிரி நோவு ரெண்டும் வேற வேற. ஒண்ணு காத்து வழியா வந்தது, இன்னொண்ணு தண்ணி வழியா. ஆனா ரெண்டுக்கும் மூலம் உப்புதான்.

இந்த உப்பு ஆதியில இருந்தே எங்க நிலத்தடியில இருந்ததில்லை. 1960கள்ல ஐ.நா. உதவியோட நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நல்ல நிலத்தடித் தண்ணி இருக்குன்னு கண்டுச்சு. கிணறுகள் தோண்டி மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் இறைச்சாங்க. விவசாயத்துக்கு நாங்களும் இறைச்சோம். மழை நிரப்பினதை விட இறைச்சது அதிகம். காலியான இடத்துக்குள்ள கடல் நுழைஞ்சு பல கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சு. 2010ல பக்கத்துக் காட்டுப்பள்ளியில கடல் தண்ணியில இருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிதண்ணி எடுக்கறதுக்கான ஆலை வந்துச்சு. அந்தத் தண்ணி நகரத்துக்குன்னு கட்டினது.

உங்க அபார்ட்மென்ட் போர்லயும் வாளியில வெள்ளையா படிஞ்சா, அந்தத் தண்ணியை வண்டிக்கு ஊத்தாதீங்க. டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒண்ணு டிக்கியில கிடக்கட்டும். டர்போ வண்டின்னா, தூரம் ஓட்டி நிறுத்தும்போது ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.

வண்டியில இருந்த உப்பை பாய் அலசி எடுத்துட்டார். வயல்ல இருக்கற உப்பை அலச எங்களுக்கு ஐப்பசி மழைதான் வரணும். இந்த வருஷம் அது வந்தா வரப்பை உசத்திக் கட்டி, முடிஞ்ச வரைக்கும் தேக்கிப் பார்க்கணும்.