ஆசிரியரில்லாத பாடவேளை

ஆசிரியர் வராத வகுப்புக்கு இன்னோர் ஆசிரியரை அனுப்புவதைப் பதிற்கடமை என்று நம் பாடசாலைகளில் அழைக்கிறோம். பெயரளவில் அது கடமை. நடைமுறையிலோ பெரும்பாலும் காவல். சத்தம் வெளியே கேளாதிருந்தால் போதும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். பிள்ளைகள் அமைதியாயிருந்தால் பதிலாசிரியர் கெட்டிக்காரர். அவர்கள் எதைக் கற்றார்கள் என்ற கேள்வி எழுவதேயில்லை.

ஒருநாள் விடுமுறையானால் இதனால் பெருங்கேடு விளையாது. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடி நிலைமையை மாற்றிற்று. அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு சென்று உழைக்க அவ்வாண்டு ஜூனில் அரசு வழிதிறந்தது. மலையகத்தில் நான் தமிழ் படிப்பித்த பாடசாலையின் கணித ஆசிரியரும் போனார். குடும்பச் சுமை தாங்காது சென்றவரை நான் குறைகூறேன். எனினும், பத்தாம் வகுப்புக்கு ஒரு தவணை முழுவதும் பதிலாசிரியர்களே சென்றோம் என்பது உண்மை. வாரத்தில் இரண்டு பாடவேளைகள் என் பங்கு.

பட்டணத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லையென்றால் டியூட்டரி உண்டு. லயத்துப் பிள்ளைக்கு அந்தப் பாடவேளையைத் தவிர வேறெதுவுமில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியெய்தாதவனுக்கு மேற்படிப்பின் எத்தனையோ கதவுகள் அடைபட்டுவிடும். ஆகவே, அந்தப் பாடவேளையை அமைதியாகக் கழிப்பதும் ஒருவகையிற் பறிப்பதே.

‘புத்தகத்தை எடுத்துப் படியுங்கள்’ என்ற வழக்கமான கட்டளையால் எவரும் ஏமாறுவதில்லை. தமக்குப் படிப்பிக்கிறார்களா, தம்மைக் காவல் காக்கிறார்களா என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நன்கறிவர். நான் கணிதம் பயின்றவனல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, வீட்டில் என்னென்ன கணக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாய் பறிக்கும் கொழுந்தை நாளுக்கு மூன்று தடவை நிறுக்கிறார்களாம். நிறுவைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்களாம். பதினெட்டுக் கிலோ நிரம்பாவிட்டால் அரைப்பேராம். அவற்றைக் கரும்பலகையில் எழுதி, மாதத்தில் இருபத்துநான்கு நாள் வேலையென்றால் கழிவு எவ்வளவு என்றேன். கடைசி வாங்கிலிருந்து விடை வந்தது: 144 கிலோ. வேறொருத்தி அதைப் பதினெட்டால் வகுத்தாள்.

“எட்டுப் பேர், சேர்!”

எட்டு நாட் கொழுந்து! வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், எண்ணாயிரம் ரூபா என்றான் ஒருவன். மேல்கிலோவுக்கு விலை வேறு என்று இன்னொருத்தி மறுத்தாள். “சாக்குக்கும் நிறை இருக்குத்தானே, சேர்? மழை நாளில தண்ணியும் சேரும்” என்றான் மூன்றாமவன். சரியான ஆட்சேபம். அப்படியாயின் நியாயமான கழிவு எவ்வளவு? அந்தத் தெரியாத கணியத்தை எக்ஸ் என்று எழுதினோம். அட்சரகணிதம் அவ்வகுப்புக்குள் நுழைந்தது அவ்வாறுதான். சாக்கை நிறுத்துவருவது வீட்டுவேலையாயிற்று. அரைக் கிலோ என்று கொண்டுவந்தார்கள். உலர்ந்த நாட்களுக்குக் கணக்கைத் திருத்தினோம். எட்டுப் பேர் ஆறாகக் குறைந்தது. நம்முடைய பக்கத்துக்குச் சாதகமில்லாத எண்ணையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்பதையும் அவர்கள் அன்று கற்றார்கள்.

மாணவரின் கவனத்தைப் பிடித்து வைக்க வித்தைகள் வேண்டியதில்லை. விடை தமக்கு வேண்டியதாக இருந்தால் அவர்களே அதைத் துரத்திச் செல்வார்கள். ஒரு பாடவேளையின் இறுதியில் ஒரு கேள்வியை முடிக்காமல் விட்டுச்சென்றால், அடுத்த பாடவேளைக்கு வகுப்பே காத்திருக்கும். மற்றொன்றும் செய்தோம்: பொதுக் கொப்பி ஒன்றை வகுப்புத் தலைவியிடம் ஒப்படைத்தோம். ஒவ்வொரு பதிலாசிரியரும் தாம் எங்கே நிறுத்தினார் என்று அதில் எழுதுவார்; அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார். புவியியல் ஆசிரியர் மழைவீழ்ச்சியைக் கொண்டு வரைபு கீறப் பழக்கினார். சிதறிக் கிடந்த பாடவேளைகள் ஒரு பாடமாகத் தொடங்கின.

ஆயினும், இதைக் கண்டு நாம் மயங்கிவிடலாகாது. வட்டத்தின் தேற்றங்களையும் திரிகோண கணிதத்தையும் எங்களால் முறையாகப் படிப்பிக்க இயலவில்லை. பதிலாசிரியரின் ஊக்கம் வெற்றிடத்தை நிரப்பாது. வெற்றிடத்தை நிரப்பாதிருப்பதற்கு அது சாட்டாகவும் ஆகக்கூடாது. கன்னங்கரா தலைமையிலான குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியிலேயே அரசின் பொறுப்புக்கு வந்தன. மூன்று தசாப்தங்கள் பிந்திக் கிடைத்த உரிமை அது. கட்டணமில்லாத கல்வி என்பது ஆசிரியரில்லாத கல்வி என்று பொருள்படலாமா?

பதிற்கடமைக்குச் செல்லும் தோழர்களே, அந்தப் பாடவேளையிலும் படிப்பியுங்கள். அதே வேளையில், வெறுமையாய்க் கிடக்கும் ஆசிரியர் நாற்காலிக்கு உரியவரை அனுப்பும்படி பெற்றோருடன் சேர்ந்து ஓயாது கேளுங்கள். இரண்டும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.