புதுக் குடித்தனத்துக்கு ரெண்டாவது சாவி

தை முகூர்த்தமோ ஆவணி முகூர்த்தமோ முடிஞ்சு பத்து நாள் ஆனா போதும், அகமதாபாத் ஸ்டேஷனில் நவஜீவன் எக்ஸ்பிரஸை விட்டு இறங்குற கூட்டத்தில் ஒரு புது ஜோடியாவது இருக்கும். தாலிச்சரட்டில் மஞ்சள் இன்னும் வெளுத்திருக்காது. பையன் ரெண்டு கையிலும் பெட்டி. பொண்ணு கையில் அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டின். ஒரு நாளுக்கு மேல ரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு ரெண்டு பேர் முகத்திலும் தெரியும்.

மணிநகர் பக்கம் குடியிருக்கிற எங்களுக்கு இது வருஷாவருஷம் பார்த்துப் பழகினது. அதில் பாதிப் பேர் ஒரு மாசத்துக்குள்ள எங்க வீட்டுக்கு சாப்பிட வந்துடுவாங்க. தங்கமணி வைக்கிற வத்தக்குழம்பு அப்படி :-). சாப்பிட்டு முடிச்சதும் பொண்ணு அடுக்களைப் பக்கம் போயிடும், பையன் என்கிட்ட "சார், ஒரு விஷயம்"னு ஆரம்பிப்பான். அப்படிச் சேர்ந்த விஷயங்கள்தான் இது. நான் குடும்பநல ஆலோசகர் எல்லாம் கிடையாது. பி.காம் முடிச்சுட்டு இருபது வருஷமா பேங்க்கில் பற்று வரவு பார்க்கிறவன். அதனால என் யோசனை எல்லாம் கொஞ்சம் சாவி, பாஸ்புக், டிக்கெட்னுதான் போகும். பொறுத்துக்குங்க.

"அனுசரிச்சுப் போங்க, விட்டுக் கொடுத்துப் போங்க"ன்னு மண்டபத்திலேயே பெரியவங்க எல்லாரும் சொல்லி அனுப்பியிருப்பாங்க. யார் எதை அனுசரிக்கணும்னு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஊரிலேயே குடித்தனம் வைக்கிற பொண்ணுக்கு பாஷை தெரியும், பஸ் நம்பர் தெரியும், கோபம் வந்தா ரெண்டு மணி நேரத்தில் அம்மா வீடு. இங்கே வர்ற பொண்ணுக்கு இதில் ஒண்ணும் கிடையாது. பால் பாக்கெட் வாங்கணுமா, போனுக்கு ரீசார்ஜ் பண்ணணுமா, எல்லாத்துக்கும் அவனைக் கேட்டாகணும். அவனோ காலையில் ஒன்பதுக்குப் போனா ராத்திரி எட்டுக்கு வர்றவன். முதல் வருஷத்துச் சண்டையில் பெரும்பகுதி இந்தக் "கேட்டாகணும்"கிறதில் இருந்து வர்றதுதான்னு நான் நினைக்கிறேன். அதை எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது.

எங்க கிளையில் கிளார்க்கா இருந்த சங்கரன்கோவில் பையன் கதையைச் சொல்றேன். தங்கமான பையன், சிகரெட் கூடக் கிடையாது. பொண்ணு ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம், பி.எஸ்சி படிச்சது. வைகாசியில் கல்யாணம். ஆடிக்கு அழைச்சுட்டுப் போன பொண்ணு ஆவணி முடிஞ்சும் வரலை, நவராத்திரி முடிஞ்சும் வரலை. போன் பண்ணினா "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, சித்தி வீட்டில் விசேஷம்"னு ஏதாவது ஒரு காரணம். பையன் கவுன்டரில் உட்கார்ந்து நோட்டை மூணு தடவை எண்ணுவான், மூணு தடவையும் வேற வேற கணக்கு வரும். ஊர்ல இருக்கிற மாமன் ஒருத்தர் "வக்கீலைப் பார்ப்போமா"ன்னு கேட்கிற அளவுக்குப் போயிடுச்சு.

கடைசியில் தங்கமணிதான் அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுப் பேசினா. அடி, உதை, வரதட்சணைன்னு நாங்க பயந்த எதுவும் இல்லை. அவங்க குடியிருந்த மூணாவது மாடி வீட்டுக் கதவு இழுத்தாலே தானா பூட்டிக்கிற ரகம். வீட்டுக்காரர் கொடுத்தது ஒரே சாவி, அது பையன் பைக் சாவியோட போயிடும். "பதினொரு மணிக்கு கீழ கீரைக்காரி கூப்பிடுவாக்கா. இறங்கிப் போவோமான்னு இருக்கும். கதவு பூட்டிக்கிட்டா எப்படி உள்ள வர?" அப்புறம் பணம். "அவுக குடுக்க மாட்டேன்னு சொல்லலக்கா. கேட்டா உடனே குடுத்துருவாக. கேக்கணும்ல."

பையன்கிட்ட இதைச் சொன்னப்போ அவன் நிஜமாவே முழிச்சான். "சாவியா சார்? சாவியா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். அவன் பூட்டி வெச்சுட்டுப் போகலை, தோணலை, அவ்வளவுதான். அந்த வாரமே ரெண்டாவது சாவி போட்டான். தலை தீபாவளிக்குப் போய் கூட்டிட்டு வந்தான். சாவியை முன்னாடியே கூரியரில் அனுப்புன்னு தங்கமணி சொன்னா, அதையும் செஞ்சான்.

அதனால பசங்களா, வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்த அன்னிக்கே ரெண்டாவது சாவி. அடுத்தது பாஷை. இலக்கணம் எல்லாம் வேண்டாம், காய்கறி வண்டி அளவுக்கு இருந்தா போதும். கேட்லா என்றால் எவ்வளவு. ஒண்ணு ரெண்டு மூணுக்கு ஏக், பே, த்ரண். உருளைக்கிழங்கு படேட்டா, வெண்டைக்காய் பிண்டா, சுரைக்காய் தூதி. கறிவேப்பிலைக்குப் பேர் மீட்டோ லிம்டோ, அதாவது இனிப்பு வேம்பு. இது தெரியாம முதல் மாசம் முழுக்க கறிவேப்பிலை இல்லாத ரசம் வெச்ச பொண்ணுங்க உண்டு. அடுத்த ஃப்ளாட் அம்மாவை பேருக்குப் பின்னாடி "பென்" சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்க. நம்ம அக்கா மாதிரிதான். அவங்க கொண்டுவந்து கொடுக்கிற பருப்பில் வெல்லம் இருக்கும், முகத்தைச் சுளிக்காம வாங்கிக்கணும், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரெண்டு இட்லி வெச்சுக் கொடுக்கணும். நீங்க ஆபீஸில் இருக்கும்போது பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா முதலில் வந்து நிக்கப்போறது அந்த பென்தான்.

இனி என் பேட்டை. வேலைக்குப் போகாத மனைவியா இருந்தா அவங்க பேரில் தனியா ஒரு சேமிப்புக் கணக்கு, அவங்க நம்பரில் யூபிஐ. 2024-ல் யூபிஐ சர்க்கிள்னு ஒண்ணு வந்தது, உங்க கணக்கிலிருந்தே அவங்க செலவு பண்ணலாம், தனிக்கணக்கு எதுக்குன்னு சில பேர் கேட்கிறாங்க. அதில் ஒவ்வொரு முழம் பூவுக்கும் உங்க போனில் தகவல் வரும். அதுக்கு நேரிலேயே கேட்டு வாங்கிடலாம். சம்பளம் விழுந்த மறுநாள் ஒரு தொகை தானா அவங்க கணக்குக்குப் போற மாதிரி பேங்க்கில் எழுதிக் கொடுத்துடுங்க. கையில் 45,000 வர்ற பையன் 4,000 போடலாம், 3,000 போடலாம், அது உங்க சக்தி. வீட்டு மளிகை அதில் சேராது. அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. பி.காம் படிச்சவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், தெரியும்.

வருமான வரிக்காரங்க பிடிப்பாங்களான்னு ஒருத்தர் கேட்டார். மனைவிக்குக் கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது. அதை அவங்க டெபாசிட்டில் போட்டா வட்டி உங்க வருமானத்தில் சேரும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டில் வாடகை, மளிகைக்கு ஒரு கூட்டுக் கணக்கு, மிச்சம் அவரவர் கணக்கில்னு வெச்சுக்கிட்டவங்க சத்தமில்லாம ஓட்டுறதைப் பார்க்கிறேன்.

நாமினி விஷயத்தில் நடக்கிற மௌன யுத்தம் வெளியே தெரியாது. வேலையில் சேர்ந்தப்போ எல்லா இடத்திலும் அம்மா பேரைப் போட்டிருப்போம். கல்யாணத்துக்கு அப்புறம் அதை மாத்தினா அம்மாவுக்கு வருத்தம், மாத்தலைன்னா மனைவிக்கு. 2025 நவம்பர் 1-லிருந்து பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எவ்வளவு சதவீதம்னும் எழுதலாம். அம்மாவுக்குப் பாதி, மனைவிக்குப் பாதின்னு எழுதிட்டு ரெண்டு பேர்கிட்டேயும் சொல்லிடுங்க. நாமினி பணத்தை வாங்குற ஆள்தான், வாரிசு வேற. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அம்மா, மனைவி ரெண்டு பேருமே முதல் வகுப்பு வாரிசு. பி.எஃப்.புக்கும் புதுசா நாமினேஷன் போடணும், மறந்துடாதீங்க. ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் மனைவி பேரைச் சேர்க்கப் பல கம்பெனிகளில் கெடு உண்டு. லீவு முடிஞ்சு போற முதல் நாளே கேட்டுடுங்க.

நகை. பொண்ணு வீட்டில் போட்டது அவளுடைய சொத்து, 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியாச்சு. லாக்கர் எடுத்தா அவங்க பேரும் சேர்த்து எடுங்க, அதுக்கும் ஒரு சாவிதான், எங்கே இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும். எங்க கவுன்டருக்குப் புது மாப்பிள்ளைங்க நகைக்கடன் வாங்க வர்றப்போ, மனைவிக்குத் தெரியுமான்னு நாங்க கேட்க முடியாது. ஆனா வளையலைத் துணியிலிருந்து பிரிக்கிற விதத்திலேயே தெரிஞ்சுடும் :-(. பாதிக் கேஸ் கல்யாணத்துக்கு வாங்கின பர்சனல் லோனை அடைக்கத்தான். அந்த லோன் இருக்கிறதை நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே சொல்லிடலாம். சொல்லலைன்னா மாசா மாசம் வர்ற குறுஞ்செய்தி சொல்லிடும். ஊருக்கு எவ்வளவு அனுப்புறீங்க, தங்கச்சி படிப்புக்கு எவ்வளவு, எல்லாம் முதல் மாசமே ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் பார்த்துடுங்க. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தோமே, இது பதினொண்ணாவது.

இனிஷியல் பிரச்சினை நம்ம ஜனங்களுக்கே உரியது. கல்யாணமானதும் அப்பா இனிஷியலை எடுத்துட்டு புருஷன் இனிஷியலைப் போடுன்னு மாமியார் வீட்டில் சொல்வாங்க. ஆதாரில் மாத்தினா பான் கார்டில் பழசு, டிகிரி சர்டிபிகேட்டில் இன்னொண்ணு, கணக்கு ஆரம்பிக்க எங்ககிட்ட வரும்போது மூணு பேர் வந்து நிக்கிற மாதிரி இருக்கும். வடக்கே சர்நேம் இல்லாம விடமாட்டாங்க, இனிஷியலை விரிச்சு மாமனார் பேரால் பொண்ணைக் கூப்பிடுவாங்க. புருஷன் பேரைச் சேர்க்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. ஆதாரில் பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் மாத்த முடியும். முதல் வருஷம் பேரைத் தொடாதீங்க, அட்ரஸை மட்டும் மாத்துங்க. கல்யாணப் பதிவை ஊரிலிருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதியணும். அதுக்காகத் திரும்ப ஒரு தடவை லீவு போட்டு ரயில் ஏறின ஜோடிங்க எனக்குத் தெரிஞ்சே மூணு.

போன் பத்தி ஒண்ணே ஒண்ணு. ரெண்டு அம்மாக்களும் தினம் கூப்பிடுவாங்க, "என்ன சமையல்"னு ஆரம்பிச்சு எங்கேயோ போகும். பையன் அம்மாகிட்ட சொல்ல வேண்டிய கசப்பான விஷயத்தைப் பையன்தான் சொல்லணும், பொண்ணு வீட்டுக்கு வேண்டியதைப் பொண்ணு. "இந்த வருஷம் பொங்கலுக்கு வரலைம்மா"ங்கிறதை மருமகள் வாயால் சொல்ல வைக்கிற பையன்களை நான் என்னன்னு சொல்ல?

சீர் வரிசை பத்தி எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. ஆடிச் சீர், தலை தீபாவளி, பொங்கப்படின்னு கல்யாணக் கடன் தீராத மாமனாருக்கு அந்த ஒரு வருஷத்தில் மூணு செலவு. "மாமா, டிக்கெட் நாங்களே போட்டுக்கிறோம், மோதிரம் எல்லாம் வேண்டாம்"னு மாப்பிள்ளை முன்னாடியே ஒரு போன் போட்டா அந்த வீட்டில் ஒரு மாசத் தூக்கம் மிச்சம்.

டிக்கெட்னதும் ஞாபகம் வருது. 2024 நவம்பர் 1-லிருந்து முன்பதிவு 120 நாள் இல்லை, 60 நாள்தான். தீபாவளிக்கு 60-வது நாள் காலையில் எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ரெண்டு போனில் உட்காருங்க. ஆடிக்குப் போற பொண்ணுக்குத் திரும்பி வர்ற டிக்கெட்டும் வேணும், தேதியை அவங்களையே கேட்டுக்குங்க. சங்கரன்கோவில் பையனுக்கு இப்போ சூரத்துக்கு மாறுதல். போன மாசம் போன் பண்ணினப்போ அந்தப் பொண்ணுதான் எடுத்தது. "அவுக ஆபீஸ்ல இருக்காக சார், நான் மார்க்கெட்ல நிக்கேன், வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடட்டா?"ன்னுச்சு.